வரவுக் கணக்கு உண்டு. சேதக் கணக்கு எங்கே?

மதுவினால் விளையும் கேட்டைப் பற்றிப் பேசாத மேடை தமிழ்நாட்டில் இல்லை. தேர்தல் வந்தால் எல்லாக் கட்சியாரும் பேசுகின்றனர். தேர்தல் முடிந்ததும் பேச்சு அடங்கிவிடுகிறது. இத்தனை பேச்சுக்கும் நடுவே அழுத்திக் கேட்கப்படாத கேள்வி ஒன்று உண்டு. அந்தக் கேடு எவ்வளவு? எந்த ஜில்லாவில் அதிகம்? சென்ற ஆண்டைவிட இவ்வாண்டு ஏறியதா, இறங்கியதா? இதற்கு ஆண்டுதோறும் விடை கூறும் கணக்கு வேண்டும் என்பதே நம் கட்சி.

வரவுக்குக் கணக்கு இருக்கிறது. வெகு துல்லியமாகவே இருக்கிறது. 2003-ஆம் ஆண்டு நவம்பரில் மதுவின் சில்லறை விற்பனையைத் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகமே ஏற்றுக்கொண்டது. 2003-04-ஆம் ஆண்டில் ஆயத்தீர்வையும் விற்பனை வரியுமாகச் சர்க்காருக்குக் கிடைத்தது 3,639 கோடி ரூபாய். 2023-24-ஆம் ஆண்டில் அது 45,855 கோடி ரூபாய். சட்டசபையில் வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்பில் இத்தொகைகளை எவரும் காணலாம். அக்குறிப்பை வெளியிடும் இலாகாவின் பெயரோ மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை!

ஆனால் ரூபாய்க் கணக்கு குடியின் கணக்கு ஆகாது. விலையை உயர்த்தினால், குடி கூடாமலே வருமானம் கூடும். விற்ற மதுவில் கலப்பற்ற சாராயச் சத்து எத்தனை லிட்டர், அது எத்தனை பேர் வயிற்றில் எவ்வாறு சென்றது என்பதல்லவோ ஆராய வேண்டிய விஷயம்?

இத்தகைய ஆராய்ச்சி நமக்குப் புதிதன்று. 1937 அக்டோபர் 1-ந் தேதி, ராஜாஜி மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கை அமலுக்குக் கொண்டுவந்தது. சட்டத்தைப் பிறப்பித்ததோடு விஷயம் முடிந்துவிடவில்லை. சென்னைச் சர்வகலாசாலையின் பொருளாதாரத் துறையினர் அந்த ஜில்லாவுக்குச் சென்று, குடியை விட்ட குடும்பங்களின் உணவு, துணி, கடன் ஆகியவற்றை விசாரித்தறிந்தனர். சட்டமும் சோதனையும் கைகோத்துச் சென்றன. கஜானாவுக்கு நேர்ந்த நஷ்டத்தை ஈடுசெய்ய 1939-ஆம் ஆண்டில் விற்பனை வரி பிறந்தது. மது 1971-ஆம் ஆண்டில் திரும்பி வந்தது. இடையில் மறைந்து மீண்டும் வந்தது. மதுப் பணத்துக்கு மாற்றாக வந்த வரியோ போகவேயில்லை. பெயர் மாறி, இன்று மதுவின் மீதே அது வசூலாகிறது. சேலத்தின் வரியை வைத்துக்கொண்டோம். சேலத்தின் ஆராய்ச்சியை விட்டுவிட்டோம்.

குடியை அளப்பதற்கு மூன்று வழிகள் உண்டு. ஒன்று, கடையின் விற்பனைக் கணக்கு. இது மொத்தத்தைக் காட்டும். குடித்தவர் யார் என்று காட்டாது. கள்ளச் சாராயம் இதில் வாராது. இரண்டாவது, வீடுவீடாகச் சென்று கேட்பது. இது மனிதரைக் காட்டும்; ஆனால் மனிதர் உண்மையை முழுதும் சொல்வதில்லை. பல தேசங்களில், வீட்டில் சொல்லப்பட்ட அளவைக் கூட்டிப் பார்த்தால் கடையில் விற்ற அளவில் ஏறக்குறையப் பாதியே தேறுகிறது என்று ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். மூன்றாவது, வைத்தியசாலை, போலீஸ், மரணப் பதிவு ஆகியவற்றின் ஏடுகள். இவை கேட்டையே நேராகக் காட்டும். இரண்டாம் உலக யுத்தத்தின்போது பாரிஸ் நகரில் திராட்சை மதுவுக்கு ரேஷன் வந்தது. கல்லீரல் சுருங்கும் நோயால் மாண்டவர் தொகை மளமளவென்று இறங்கிற்று. ரேஷன் நீங்கியபின் மீண்டும் ஏறிற்று. மரணப் பதிவு ஒழுங்காக இருந்தமையால் அன்றோ உலகம் இந்த உண்மையை அறிந்தது?

கேள்வி கேட்பதிலும் விவரம் வேண்டும். நம் கடைகளில் விற்கும் 180 மில்லிலிட்டர் பாட்டிலை எடுத்துக்கொள்வோம். குவாட்டர் என்று எல்லோரும் அழைப்பது அது. பிராந்தியாயினும் விஸ்கியாயினும் அதன் சத்து நூற்றுக்கு 42.8 பங்கு. கணக்கிட்டால் கலப்பற்ற சாராயம் சுமார் 61 கிராம் ஆகிறது. ஒரே வேளையில் 60 கிராமும் அதற்கு மேலும் அருந்துவதை மிகுகுடி என்று உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்திருக்கிறது. அதாவது, 'ஒரு குவாட்டர் மட்டும்' என்று சொல்பவர் அந்த எல்லையைத் தாண்டிவிட்டார். 'எத்தனை கிளாஸ் குடிப்பீர்?' என்று மேனாட்டு வினாவை அப்படியே பெயர்த்துக் கேட்டால் இவர் மிதமாகக் குடிப்பவர் பட்டியலில் சேர்ந்துவிடுவார்!

இதுவரை கிடைத்துள்ள கணக்குகளும் அலட்சியம் செய்யத்தக்கவை அல்ல. மத்திய சமூக நீதி அமைச்சகத்திற்காக டில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் நடத்திய ஆய்வு 2019-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன்படி இந்தியாவில் குடிப்போர் சுமார் 16 கோடி. அவர்களுள் குடியினால் தீங்குற்று உதவி வேண்டி நிற்போர் 5.7 கோடி. மூவரில் ஒருவருக்கு மேல்! குடிக்கு அடிமைப்பட்டோருள் ஏதேனும் ஒருவகைச் சிகிச்சையோ உதவியோ பெற்றவர் 38 பேருக்கு ஒருவரே என்றும் அவ்வாய்வு கூறிற்று. மிதமாகக் குடிப்பதில் என்ன குற்றம் என்று வாதிப்போர், இந்நாட்டில் மிதம் எவ்வளவு அரிது என்பதை இந்த எண்களில் காணலாம்.

இனி, குடியாதவர் படும் துன்பம். 2019-21-ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் நூற்றுக்கு 25.4 பேர் குடிப்பதாகக் கூறினர், பெண்களில் 0.3 பேர். கேட்டின் பங்கு இந்த விகிதத்தில் அமைந்திருக்கிறதா? இல்லை. அதே கணக்கெடுப்பில் இந்தியா முழுமைக்கும் கண்டது இது: கணவன் குடியாத வீடுகளில் நூற்றுக்கு 23 மனைவியர் அவன் கையால் அடியோ பலாத்காரமோ பட்டிருக்கின்றனர், அடிக்கடி குடித்து வெறிக்கும் கணவர் உள்ள வீடுகளில் 70 பேர். குடிப்பவனை மட்டும் எண்ணும் ஆராய்ச்சி பாதி ஆராய்ச்சி. அடிபட்ட மனைவியையும், பள்ளியை விட்டு நின்ற பிள்ளையையும், அடகுக்குப் போன தாலியையும் சேர்த்து எண்ணுவதே முழு ஆராய்ச்சி.

"மதுவிலக்கு வந்தால் கள்ளச் சாராயம் பெருகும், ஆகவே கடை இருக்கட்டும்" என்பர் சிலர். இதையும் எண்ணிக்கையின்முன் நிறுத்துவோம். பீகாரில் 2016 ஏப்ரல் முதல் முழு மதுவிலக்கு அமலில் இருந்துவந்தது. அதன் பிறகும் நூற்றுக்கு 15.5 ஆண்கள் குடிப்பதாக மேற்சொன்ன கணக்கெடுப்பிலேயே கூறினர். 2022 டிசம்பரில் சாரண் ஜில்லாவில் விஷச் சாராயம் பலரைக் கொன்றது. மாண்டோர் 42 என்றது ராஜ்ய சர்க்கார். 77 என்றது தேசிய மனித உரிமைக் கமிஷன். மறுபக்கமும் உண்டு. அம்மதுவிலக்கினால் அடிக்கடி குடிப்போர் தொகையும், மனைவியர் மீதான பலாத்காரமும் லட்சக்கணக்கில் குறைந்ததாக 2024-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு கண்டது. ஆக, சட்டம் குடியை ஒழிக்கவில்லை, ஆனால் குறைத்தது. சட்டத்தின் நன்மையையும் ஓட்டையையும் ஒருங்கே காட்டுவது கணக்குதான். அன்றியும், கடை திறந்திருந்தால் விஷச் சாராயம் வாராது என்பதும் மெய்யன்று. தமிழ்நாட்டில் கடைகள் திறந்திருந்த காலத்திலேதான், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெதனால் கலந்த சாராயம் 60-க்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது.

அந்தச் சாவுகள் ஒரே ஊரில், சில தினங்களுக்குள் நேர்ந்தமையால் நாடு திடுக்கிட்டது. கல்லீரல் கெட்டு ஒருவர் இங்கும், இருட்டில் வண்டி மோதி ஒருவர் அங்கும், கயிற்றில் தொங்கி ஒருவர் வேறெங்குமாக மடிந்தால் எவர் திடுக்கிடுகின்றனர்? 2019-ஆம் ஆண்டில் மதுவினால் உலகில் மாண்டவர் 26 லட்சம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் இவ்வாறு தனித்தனியே மறைந்தவர்களே.

நாம் கோருவது பெரிய காரியமன்று. விற்ற மதுவின் சாராயச் சத்தை ஜில்லாவாரியாக லிட்டரில் வெளியிடுக. சர்க்கார் வைத்தியசாலைகளில் காயம் பட்டு வருவோரும் கல்லீரல் நோயாளரும் குடித்தவரா என்பதைப் பதிவுசெய்து, பெயர் நீக்கித் தொகையை மட்டும் வெளியிடுக. விற்பனையில் லாபம் காணாத சர்வகலாசாலையார், ஒரே வினாக்களைக் கொண்டு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வீடுவீடாக விசாரிக்கட்டும். இம்மூன்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, வருமானக் குறிப்பு வரும் அதே நாளில் சட்டசபையின் மேஜைமேல் வைக்கட்டும். பெங்களூரின் தேசிய மனநல நரம்பியல் நிலையத்து ஆராய்ச்சியாளர், கர்நாடகத்தில் மதுவால் நேரும் செலவு மதுவின் வருமானத்தை விஞ்சியது எனக் கணக்கிட்டுக் காட்டியிருக்கின்றனர். இங்கே அவ்வாறு அன்று என்று கருதுவோர், கணக்கைக் காட்டி மெய்ப்பிக்கலாமே!

தேச ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. அரசியல் சட்டத்தின் 47-ஆவது ஷரத்து, வெறியூட்டும் பானங்களை விலக்க முயல்வது அரசின் கடமை என்கிறது. அக்கடமையை நினைவூட்ட மறியலும் கூட்டமும் அவசியமே. அவற்றோடு உங்கள் தொகுதி அங்கத்தினரிடம் ஒன்று கேளுங்கள்: நம் தாலுகாவில் சென்ற ஆண்டு குடியினால் எத்தனை பேர் மாண்டனர்? அவருக்குத் தெரியாவிடில், தெரிந்துகொள்ளும் வரையில் விடாது கேளுங்கள். வரவைக் காசு பிசகாமல் எண்ணத் தெரிந்த சர்க்காருக்குச் சாவை எண்ணத் தெரியாது என்று சொல்ல இடமில்லை.