நினைவகப் பக்கங்களும் நுழைவு அனுமதியும்

ஜொகூர் மாநிலத்தில் குளுவாங்குக்கு வடக்கே உள்ள சிற்றூர் பாலோ. 1909ஆம் ஆண்டில் முடிவுற்ற ஜொகூர் இருப்புப்பாதை அவ்வூர் வழியாகவே தெற்கே செல்கின்றது. நெடுங்காலம் அது ஒற்றைத் தண்டவாளமாகவே இருந்தது. இத்தகைய பாதையில் இரு வண்டிகள் எதிரெதிரே புகாதிருக்கக் கையாளப்பட்ட முறைகளுள் ஒன்று, நிலைய அதிகாரி தரும் அடையாளச் சாவியின்றி ஓட்டுநர் அடுத்த பகுதிக்குள் நுழையலாகாது என்பதாகும். இதே பாதையின் தென்கோடியில், சிங்கப்பூர் புக்கிட் தீமா நிலையத்தில், 2011 வரை சாவி கைமாறி வந்தது. ஓட்டுநரின் நல்லெண்ணத்தை நம்பி அமைந்த முறையன்று அது. ஒரு சாவி வெளியே இருக்கும்வரை மறுசாவியைக் கருவியே விடாது.

கணிப்பொறியின் நினைவகத்திலும் இத்தகைய காவல் ஒன்று உண்டு. பாலோவில் ஓர் ஆசிரியர் கணிப்பொறியில் வினாத்தாள் தட்டச்சு செய்துகொண்டே பாட்டும் கேட்கின்றார் என்க. இரு நிரல்களும் ஒரே நினைவகத்தில் வாழ்கின்றன. ஆயினும் பாட்டு நிரல் வினாத்தாளைத் தொட முடியாது. ஏன்? ஒவ்வொரு நிரலுக்கும் மெய்நிகர் முகவரிகளே தரப்படுகின்றன. அவற்றை உண்மையான இடங்களோடு இணைக்கும் பக்க அட்டவணையை எழுதுவது இயங்குதளத்தின் உட்கருவாகிய கெர்னல். அதனைப் பார்த்துத் தடுப்பது செயலி. எழுதுபவர் ஒருவர், காவலர் வேறொருவர் என்னும் இப்பிரிவே இதன் வலிமை.

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி குழுவினர் உருவாக்கி, 2018இல் சில்லாக வெளிவந்த ‘சக்தி’ செயலி, ரிஸ்க்-ஃபைவ் என்னும் கட்டளை அமைப்பைப் பின்பற்றுவது. அவ்வமைப்பில் ஒரு பக்கம் என்பது 4,096 பைட்டு. அட்டவணையில் அப்பக்கத்திற்குரிய பதிவில் படிக்கலாமா, எழுதலாமா, கட்டளையாக இயக்கலாமா என்பதற்குத் தனித்தனி பிட்டுகள் உள்ளன. எழுதலாம், ஆனால் படிக்கலாகாது என்னும் சேர்க்கைக்கு மட்டும் இடமில்லை. பயனர் நிரலுக்குரிய பக்கமா என்பதைக் காட்டவும் ஒரு பிட்டு உண்டு. அப்பிட்டு உள்ள பக்கத்திலுள்ள கட்டளைகளைக் கெர்னல் நிலையில் இயக்கவே முடியாது. மேலதிகாரிக்கும் தடை என்பது வியப்பாகத் தோன்றலாம். தீயோன் எழுதி வைத்ததைக் கெர்னலே ஏமாந்து இயக்கிவிடாமல் காப்பதற்கே இது.

எழுதும் இடத்தை இயக்கவும் விடுவதன் கேடு 1988 நவம்பரில் வெளிப்பட்டது. மோரிஸ் புழு என்னும் நிரல், தரவுக்குரிய அடுக்கில் தன் கட்டளைகளைப் புகுத்தி இயக்கியது. பரவியதற்கு அதுவும் ஒரு வழி. எழுதலாம் எனில் இயக்கலாகாது என்னும் விதியை ஓப்பன்பிஎஸ்டி 2003இல் மேற்கொண்டது. விண்டோஸ் எக்ஸ்பி 2004இல் அதையொத்த தடையைப் பெற்றது.

அனுமதியில்லாப் பக்கத்தை நிரல் தொட்டால் செயலி வேலையை நிறுத்திக் கெர்னலிடம் முறையிடும். இம்முறையீடு எல்லாமே குற்றச்சாட்டு அன்று. இரு நிரல்கள் ஒரே பக்கத்தைப் பகிர்வதற்காகக் கெர்னல் அதனைப் ‘படிக்க மட்டும்’ என்று குறித்து வைக்கும். ஒன்று எழுத முனைந்ததும் முறையீடு வரும். கெர்னல் அதற்கெனத் தனிப்படி ஒன்றை எடுத்துத் தரும். சிக்கனமான ஏற்பாடு.

ஆனால் லினக்ஸ் கெர்னலில் இவ்விடத்திலேயே 2007 முதல் ஒரு பிழை ஒளிந்திருந்தது. ‘டர்ட்டி கௌ’ எனப் பெயர் பெற்றது. கெர்னல் படியெடுத்து, இனி எழுதலாம் என முடிவு செய்யும். அக்கணத்தில் அந்நிரலின் மற்றோர் இழை அப்படியைத் தூக்கி எறிந்துவிட்டால், கெர்னலின் எழுத்து மூலப் பக்கத்திலேயே விழும். அட்டவணையில் குறிப்புச் சரியாகவே இருந்தது; அதனை எழுதியவரே தடுமாறினார். படிக்க மட்டும் உரிமையுள்ள சாதாரணப் பயனர் ஒருவர், இதனால் இயங்குதளத்தின் கோப்புகளையே திருத்தி முழு ஆட்சியும் பெற முடிந்தது. 2016 அக்டோபரில் பிழை திருத்தப்பட்டது. ஆண்ட்ராய்டும் லினக்ஸ் மீதே நிற்பதால், திருத்தம் சென்று சேராத பழைய கைப்பேசிகளில் அவ்வோட்டை இன்றும் திறந்தே கிடக்கும்.