பெருநிறுவனங்களில் சேவை நோக்குக் கட்டமைப்பின் சவால்கள்

சேவை நோக்குக் கட்டமைப்பு என்பது ஒரு நிறுவனத்தின் மென்பொருள்களைத் தனித்தனிச் சேவைகளாகப் பிரித்து, அவை பிணையத்தின் வழியாக ஒன்றையொன்று அழைத்துப் பயன்படுத்தும்படி அமைக்கும் முறையாகும். எடுத்துக்காட்டாக, வங்கியொன்றில் கணக்கு இருப்பைத் தெரிவிப்பது ஒரு சேவை. கிளை அலுவலகம், ஏடிஎம், கைபேசிச் செயலி ஆகிய மூன்றும் அதே சேவையை அழைக்கும். ஒரே நிரலை மூன்று முறை எழுத வேண்டியதில்லை. எனினும் பெருநிறுவனங்களில் இம்முறையை நடைமுறைப்படுத்தும்போது பல சிக்கல்கள் எழுகின்றன. அவற்றுட் பெரும்பாலானவை தொழினுட்பத்தை விட நிறுவனத்தின் உள்ளமைப்பைச் சார்ந்தவை.

வரலாறு

இக்கட்டமைப்பைப் பற்றி கார்ட்னர் ஆய்வு நிறுவனம் 1996 இல் எழுதியது. 2000 ஆம் ஆண்டுக்குப் பின் இணையச் சேவைகள் பரவியபோது இது பெருநிறுவனங்களை ஈர்த்தது. சேவைகளுக்கிடையே செய்தி அனுப்பும் சோப் நெறிமுறையின் 1.2 ஆம் பதிப்பு 2003 இல் உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் பரிந்துரையானது.

சவால்கள்

பொருள் வேறுபாடு
ஒரே சொல் துறைக்குத் துறை வேறு பொருள் தரும். சேமிப்புப் பிரிவில் ‘வாடிக்கையாளர்’ என்பவர் கணக்கு வைத்திருப்பவர். கடன் பிரிவில் விண்ணப்பித்தவரும் வாடிக்கையாளரே. இரு பிரிவுக்கும் பொதுவான சேவையை உருவாக்குமுன் இந்த வரையறையில் உடன்பாடு தேவை. நிரல் எழுதுவதை விட இதற்கு அதிகக் காலம் பிடிப்பதுண்டு.

உரிமையும் செலவும்
பல துறைகள் பயன்படுத்தும் சேவையை உருவாக்கவும் பராமரிக்கவும் எந்தத் துறை பணம் ஒதுக்குவது என்பது அடிக்கடி எழும் வினா. நிதி திட்டவாரியாக ஒதுக்கப்படும் இடங்களில், பிற துறைகளுக்காகக் கூடுதலாக உழைக்க எந்தத் துறைக்கும் ஊக்கம் இருப்பதில்லை. ஒரு நிறுவனம் வடிவமைக்கும் அமைப்பு, அந்நிறுவனத்தின் தகவல் தொடர்பு அமைப்பையே ஒத்திருக்கும் என்று மெல்வின் கான்வே 1968 இல் எழுதினார். பிரிந்து செயல்படும் துறைகள் பொதுச் சேவைகளை உருவாக்கத் தடுமாறுவதற்கு இதுவும் காரணமாகும்.

நம்பகத்தன்மை
ஒரு சேவை 99.9 விழுக்காடு நேரம் இயங்குமானால், ஆண்டுக்கு ஏறத்தாழ 9 மணி நேரமே தடைப்படும். ஆனால் ஒரு வேலை முடிய இத்தகைய பத்துச் சேவைகள் ஒன்றன்பின் ஒன்றாக இயங்க வேண்டுமானால், அவை தனித்தனியே பழுதடையும் நிலையில், மொத்த இயக்கம் 99 விழுக்காடாகக் குறையும். அதாவது ஆண்டுக்கு மூன்றரை நாளுக்கும் மேலான தடை.

பரிமாற்ற ஒருமை
ஒரே தரவுத்தளத்தில் பணப்பரிமாற்றம் பாதியில் நின்றால், முழுவதையும் பழைய நிலைக்குத் திருப்பலாம். ஒரு சேவை பணத்தைக் கழித்தபின் மற்றொரு சேவை வரவு வைக்கத் தவறினால் அது எளிதன்று. கழித்த தொகையை மீண்டும் சேர்க்கும் ஈடுசெய் செயலைத் தனியே எழுத வேண்டும். எக்டர் கார்சியா மொலினாவும் கென்னத் சேலமும் 1987 இல் முன்வைத்த ‘சாகா’ முறை இவ்வகையைச் சேர்ந்தது.

பதிப்பு மாற்றம்
சேவையின் இடைமுகத்தை மாற்றினால் அதை அழைக்கும் மென்பொருள்கள் நின்றுபோகலாம். யார் யார் அழைக்கிறார்கள் என்ற பட்டியல் இல்லாத நிறுவனங்களில் பழைய பதிப்பை நிறுத்த எவரும் துணிவதில்லை. பழையதும் புதியதும் சேர்ந்தே இயங்குவதால் செலவு கூடுகிறது.

பின்னைய வளர்ச்சி

எதிர்பார்த்த பயன் கிட்டாத நிலையில், இக்கட்டமைப்பு இறந்துவிட்டது, சேவைகள் வாழ்க என்ற கருத்தை ஆய்வாளர் ஆன் தாமசு மேனசு 2009 சனவரியில் வெளியிட்டார். 2014 முதல் நுண்சேவைகள் என்ற பெயரில் சிறு சேவைகளாகப் பிரிக்கும் முறை பரவலானது. அதில் ஒவ்வொரு சேவைக்கும் ஒரு குழு முழுப்பொறுப்பேற்பதால் உரிமைச் சிக்கல் குறைகிறது. ஆனால் சேவைகளின் எண்ணிக்கை பெருகுவதால் நம்பகத்தன்மை, பரிமாற்ற ஒருமை ஆகிய சவால்கள் அதிலும் தொடர்கின்றன.