கழலக்கூடிய கொக்கிகள்

ஆய்வகத்தில் என் வேலை டி.என்.ஏ.வைத் திறந்து மூடுவது. சரியாகச் சொன்னால் அதைச் செய்வது பிசிஆர் மெஷின். பிப்பெட்டால் டியூபில் எல்லாம் விட்டு, மூடி, பட்டனை அழுத்துவதோடு என் பங்கு முடிந்தது. 95 டிகிரியில் இரட்டை இழை பிரியும். 60 டிகிரிக்கு இறங்கியதும் பிரைமர் என்கிற குட்டி இழை தனக்குரிய இடத்தைக் கண்டுபிடித்து ஒட்டிக்கொள்ளும். அங்கிருந்து நகல் வளரும். இப்படி 40 சுற்று.

பயிற்சிக்கு வருகிற பிள்ளைகள் தவறாமல் கேட்பார்கள்: "அக்கா, இப்படிக் கொதிக்க வெச்சா டி.என்.ஏ. அழிஞ்சிடாதா?"

அழியாது. இழை நெடுக ஓடும் சர்க்கரையும் பாஸ்பேட்டும் வலுவான பிணைப்பால் கோத்தவை, அந்தச் சூட்டுக்கு அசைந்துகொடுக்காது. இழைகள் இரண்டையும் ஒன்றோடொன்று மாட்டிவைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புதான் மெலிசு. ரவிக்கைக் கொக்கி மாதிரி. ஒற்றைக் கொக்கி எதையும் தாங்காது, வரிசையாக மாட்டினால் நிற்கும், கழற்றினால் துணி கிழியாது.

அடினைனுக்கு எதிரே தைமின், நடுவே இரண்டு கொக்கி. குவானைனுக்கு எதிரே சைட்டோசின், அங்கே மூன்று. பாடப்புத்தகம் இதோடு நிறுத்திக்கொள்வதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. டி.என்.ஏ.வின் எழுத்துகளான இந்த நான்கு காரங்களும் தட்டையானவை, 0.34 நானோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்பவை. சுருள் நிலைத்து நிற்பதில் பெரும்பங்கு அந்த அடுக்குக்குள் இருக்கும் ஈர்ப்புக்குத்தான். கொக்கிகளின் முதல் வேலை ஆள் அடையாளம் பார்ப்பது. நான்கு எழுத்துகளை வைத்து 20 எழுத்து நீளப் பிரைமரை 1 லட்சம் கோடிக்கும் அதிகமான விதங்களில் எழுதலாம். மனித மரபுத்தொகுதியின் நீளமோ சுமார் 300 கோடி எழுத்துதான். அதனால்தான் பிரைமர் இடம் மாறி உட்காருவது அபூர்வம்.

இந்த ஜோடி விதி என்றதும் வாட்சன், கிரிக் பெயர் வரும். எக்ஸ் கதிர்ப் படம் எடுத்த ரோசலிண்ட் பிராங்க்ளினையும் இப்போதெல்லாம் சேர்த்துச் சொல்கிறார்கள். ஜெர்ரி டொனஹியூவையும் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி. கேம்பிரிட்ஜ் கேவண்டிஷ் ஆய்வகத்தில் வாட்சன், கிரிக் இருந்த அறையிலேயே உட்கார்ந்திருந்த அமெரிக்கர் அவர். 1953 பிப்ரவரியில் வாட்சன், அடினைனுக்கு அடினைன், தைமினுக்குத் தைமின் என்று இனத்தோடு இனம் சேர்த்துக்கொண்டிருந்தார். டொனஹியூ அதைப் பார்த்துவிட்டு, குவானைனுக்கும் தைமினுக்கும் புத்தகத்தில் போட்டிருக்கும் வடிவமே தப்பு என்றார். ஆக்சிஜன்மேல் வரைந்திருந்த ஒரு ஹைட்ரஜன் அணு உண்மையில் நைட்ரஜன்மேல் இருக்க வேண்டியது. அவ்வளவுதான் திருத்தம்! ஆனால் ஹைட்ரஜன் இடம் மாறினால் கொக்கி எங்கே, அது மாட்டும் வளையம் எங்கே என்பதே மாறிவிடும்.

வாட்சன் அட்டையை வெட்டிப் புது வடிவங்கள் செய்தார். பிப்ரவரி 28, சனிக்கிழமை காலை, மேசைமேல் அவற்றை நகர்த்திப் பார்த்தபோது அடினைன்–தைமின் ஜோடியும் குவானைன்–சைட்டோசின் ஜோடியும் ஒரே அளவில் வந்து நின்றன. இரண்டு வளையமுள்ள பெரிய காரத்துக்கு ஒரு வளையமுள்ள சின்னது துணை என்பதால், எழுத்து எந்த வரிசையில் வந்தாலும் சுருளின் அகலம் 2 நானோமீட்டரில் மாறாமல் நிற்கும். அடினைன் எவ்வளவோ அவ்வளவு தைமின், குவானைன் எவ்வளவோ அவ்வளவு சைட்டோசின் என்று எர்வின் சார்காஃப் அளந்து வெளியிட்டிருந்த கணக்குக்கும் காரணம் கிடைத்தது. இவ்வளவு செய்தவர்கள் குவானைன்–சைட்டோசினுக்கு இரண்டு கொக்கிதான் போட்டிருந்தார்கள். மூன்றாவதை 1956இல் எடுத்துக்காட்டியவர்கள் வேதியியலாளர்களான பாலிங்கும் கோரியும்.

ஆர்.என்.ஏ. மாதிரி வந்தால் என் சுபாவமே மாறிவிடும். டியூப் ஐஸை விட்டு நகரக் கூடாது, கிளவுஸ் இல்லாமல் யாரும் மேசைப் பக்கம் வரக் கூடாது. ஆர்.என்.ஏ.வைத் தின்னும் என்சைம் நம் தோலிலேயே இருக்கிறது. அது போதாதென்று, ஆர்.என்.ஏ.வின் சர்க்கரையில் ஓர் ஆக்சிஜன் கூடுதல். பக்கத்துப் பாஸ்பேட்டைத் தாக்கி அதுவே இழையை அறுத்துவிடும். டி.என்.ஏ.வில் அந்த ஆக்சிஜன் இல்லை. கிரீன்லாந்து மண்ணிலிருந்து 20 லட்சம் ஆண்டுப் பழைய டி.என்.ஏ.வை எடுத்துப் படித்திருக்கிறார்கள்.

ஆர்.என்.ஏ. பெரும்பாலும் ஒற்றை இழை. துணையிழை இல்லாததால் தன்மேலேயே மடிந்து, எட்டிய இடத்தில் ஜோடி சேர்ந்துகொள்ளும். அதில் தைமினுக்குப் பதில் யுராசில் அடினைனோடு சேரும். சில இடங்களில் குவானைனோடும் அனுசரித்துப் போகும்.

டி.என்.ஏ.வில் மட்டும் ஏன் தைமின்? சைட்டோசின் தன் அமினோ தொகுதியை இழந்து அவ்வப்போது தானாகவே யுராசிலாக மாறிவிடும். நம் செல் ஒவ்வொன்றிலும் தினமும் நடக்கிற சிதைவு இது. டி.என்.ஏ.வில் யுராசிலும் ஒரு முறையான எழுத்தாக இருந்திருந்தால், எது அசல், எது சைட்டோசின் கெட்டு வந்தது என்று பழுதுபார்க்கும் என்சைமுக்குத் தெரியாது. தைமின் என்பது மெத்தில் முத்திரை குத்திய யுராசில்தான். முத்திரை இல்லாத யுராசில் டி.என்.ஏ.வில் கண்ணில் பட்டால் வெட்டி எறிந்துவிடலாம். அப்படி வெட்டும் என்சைமை 1974இல் கண்டறிந்த தாமஸ் லிண்டால், 2015இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அந்த என்சைம் என் டியூபிலும் இருக்கிறது. எங்கள் கிட்டில் நகல்கள் தைமினுக்குப் பதில் யுராசிலை வைத்தே வளர்கின்றன. நேற்றைய நகலில் ஒரு துளி காற்றில் பறந்து இன்றைய டியூபில் விழுந்தால், நோயில்லாதவருக்கும் பாசிட்டிவ் காட்டிவிடும். அதற்காகத்தான் இந்த ஏற்பாடு: முதல் சில நிமிடங்களில் என்சைம் அந்தப் பழைய நகல்களைத் தேடி வெட்டும், நோயாளியின் டி.என்.ஏ.வில் இருப்பது தைமின் என்பதால் அதைத் தொடாது, வைரஸின் ஆர்.என்.ஏ.வில் யுராசில் இருந்தாலும் அதன் பக்கம் போகாது. பிறகு மெஷின் 95 டிகிரிக்கு ஏறும். அந்தச் சூட்டில் என்சைம் செயலிழக்கும், புதிய நகல்கள் வெட்டுப்படாமல் பெருகத் தொடங்கும்.