பனையும் புல்லே

வடு, கச்சல், மூசு, கவ்வை என்று இத்தனை பெயர்கள் எதற்கு, பிஞ்சு என்னும் ஒரு சொல் போதாதா என்று ஏரலிலிருந்து அன்பர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். பொருள்களின் இனத்தைச் சுட்டும் மார்க்கம் பாஷைக்குப் பாஷை வேறுபடுவது. கலிபோர்னியாவில் கிளாமத் நதிக்கரையில் வாழும் யூரோக் ஜனங்கள், மனிதரை எண்ணும்போதும் மிருகங்களை எண்ணும்போதும் உருண்டையான பொருள்களை எண்ணும்போதும் மூன்று என்னும் எண்ணுப்பெயரையே வெவ்வேறு வடிவில் வழங்குவர். நாமும் மூவர் என்றும் மூன்று என்றும் திணையைப் பிரிக்கிறோம். ஆயினும், அஃறிணைக்குள் அடங்கிய எண்ணிறந்த வகைகளைத் தமிழர் உறுப்பின் பெயரிலேயே பொதிந்து வைத்தனர். வடு என்ற மாத்திரத்தில் மாவும், கச்சல் என்ற மாத்திரத்தில் வாழையும், மூசு என்ற மாத்திரத்தில் பலாவும், கவ்வை என்ற மாத்திரத்தில் எள்ளும் விளங்கிவிடும். சங்கரன்கோவிலில் 1902-இல் பிறந்த தமிழறிஞர் தேவநேயப் பாவாணர் இச்சொற்களை அரும்பாடுபட்டுத் திரட்டித் தந்தார்.

இவ்விஷயத்தில் என் மனத்தை நெடுங்காலமாக ஈர்த்து நிற்பது பனை. தொல்காப்பிய மரபியல், புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் வகுக்கிறது. அவ்விதிப்படி பனையும் தெங்கும் புல்லினமே. திருச்செந்தூர்த் தேரிப் பக்கம் அறுத்துப் போட்ட பனந்துண்டைக் குனிந்து பார்த்தால், விளிம்பில் கருநார்கள் நெருங்கி இரும்பென இறுகியிருப்பதும், நடுவில் வெளிறிய சோறு விரலால் நெருடினால் உதிர்வதும் தெரியும். வேம்பிலோ செவ்வயிரம் உள்ளே இருக்கும். பனைக்கு ஆண்டு வளையம் இல்லை. நீரும் உணவும் ஏற்றும் நரம்புகள் தண்டெங்கும் சிதறி, ஓரத்தில் செறிகின்றன. நெல்லையும் மூங்கிலையும் போல அதுவும் ஒருவித்திலைத் தாவரம் என்றே இன்றைய தாவர சாஸ்திரமும் கூறுகிறது. ஓலை, மடல், ஈர்க்கு, பாளை, குலை ஆகியவற்றைப் புல்லுக்கும், இலை, தளிர், சினை முதலியவற்றை மரத்துக்கும் மரபியல் பகிர்ந்தளித்ததனாலன்றோ, பனையிலை என்று இந்நாட்டில் ஒருவரும் சொல்வதில்லை! பனைக்கும் தெங்குக்கும் பிஞ்சு குரும்பை. கமுகுக்கு மட்டும் நுழாய்.

மாநில மரம் என்று கொண்டாடப்படும் பனையைச் செங்கற்சூளைக்கு விறகாக வெட்டி அனுப்பிவிட்டு, அதன் உறுப்புகளின் பெயர்களைப் பரீட்சைக்காகப் பிள்ளைகளை நெட்டுருப் போடச் செய்வது பெரும் அநியாயம். பாளை சீவும் தொழிலாளி ஒருவரை மரியாதையுடன் பள்ளிக்கு அழைத்து, பாளையையும் குரும்பையையும் பிள்ளைகள் கையில் கொடுக்கச் செய்வதற்கு ஒரு காலைப்பொழுது போதும்.