ஃப்ரீலான்ஸ் புரோகிராமர்ஸ்: வீட்டிலிருந்து நிரல் எழுதிய பெண்களின் நிறுவனம்

ஃப்ரீலான்ஸ் புரோகிராமர்ஸ் என்பது 1962ஆம் ஆண்டில் ஸ்டெபனி ஷெர்லி என்ற கணினி நிரலாளர் இங்கிலாந்தில் தொடங்கிய மென்பொருள் நிறுவனம் ஆகும். திருமணத்துக்குப் பிறகோ குழந்தை பிறந்த பிறகோ கணினித் துறையை விட்டு விலகிய பெண்களைத் தேடிச் சேர்த்து, அவர்கள் தங்கள் வீட்டிலிருந்தே, தங்களுக்கு இயன்ற நேரத்தில் வேலை செய்ய இந்நிறுவனம் வழி செய்தது. முதல் 300 பணியாளர்களில் 297 பேர் பெண்கள். பிற்காலத்தில் எஃப் இன்டர்நேஷனல், எஃப்.ஐ. குரூப், சான்சா என்று இதன் பெயர் மாறியது.

தொழில்நுட்பத் துறையில் பெண்கள் ஏன் மேல் பதவிகளுக்கு வருவதில்லை என்ற கேள்விக்கு, ஆர்வம் போதவில்லை, துணிச்சல் போதவில்லை என்று பெண்களிடமே குறை காணும் பதில்கள் இன்றும் சொல்லப்படுகின்றன. ஷெர்லி தன்னிடம் சேர்ந்த பெண்களுக்குத் துணிச்சல் ஊட்டிக்கொண்டிருக்கவில்லை. வேலை நேரம், வேலை செய்யும் இடம், வாடிக்கையாளரிடம் விலை பேசும் முறை, நிறுவனத்தின் பங்குரிமை ஆகியவற்றையே அவர் மாற்றினார். அந்த மாற்றங்கள் என்ன செய்தன, எதைச் செய்யவில்லை என்பதே இந்நிறுவனத்தின் வரலாற்றில் கவனிக்க வேண்டியது.

பின்னணி

1950களில் பிரிட்டனில் கணினி நிரல் எழுதுவது இன்று இருப்பதுபோல் மதிப்புமிக்க தொழிலாகக் கருதப்படவில்லை. மதிப்பெல்லாம் இயந்திரத்துக்கே. மென்பொருள் அதனுடன் இலவசமாகத் தரப்படும் ஒரு சேர்க்கை. எழுத்தர் வேலையின் நீட்சியாக எண்ணப்பட்டதால் நிரல் எழுதும் பணியில் பெண்கள் கணிசமாக இருந்தனர். ஆனால் அவர்கள் நீடிக்கவில்லை. திருமணமானதும் பெண் ஊழியர் பதவி விலக வேண்டும் என்ற விதி பிரிட்டிஷ் அரசுப் பணியில் 1946 வரை இருந்தது. விதி போன பின்னும் வழக்கம் போகவில்லை. மகப்பேறு விடுப்பு 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமே அங்கு உரிமையானது. எனவே பல ஆண்டுகள் பயிற்சி பெற்ற ஒரு நிரலாளர் முதல் குழந்தை பிறந்ததும் வீட்டோடு இருந்துவிடுவது சாதாரணம். மறுபுறம், கணினி வாங்கிய நிறுவனங்களோ நிரலாளர் கிடைக்காமல் திண்டாடின. இந்த இரண்டுக்கும் இடையில் இருந்த இடைவெளியைத்தான் ஷெர்லி கண்டார்.

ஷெர்லி 1933இல் ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகரில் பிறந்தவர். யூதரான தந்தை நீதிபதியாக இருந்து நாஜி ஆட்சியில் பதவி இழந்தவர். 1939இல், ஐந்து வயதில், யூதக் குழந்தைகளைக் காப்பாற்ற அனுப்பப்பட்ட ரயில்களில் ஒன்றில் அக்காவுடன் இங்கிலாந்து வந்து, வளர்ப்புப் பெற்றோரிடம் வளர்ந்தார். அவர் படித்த பெண்கள் பள்ளியில் உயர் கணிதம் இல்லை. சிறப்பு அனுமதி பெற்று அருகிலிருந்த ஆண்கள் பள்ளிக்குச் சென்று கற்றார். பள்ளிப் படிப்புக்குப் பின் லண்டன் டாலிஸ் ஹில்லில் இருந்த அஞ்சல் துறை ஆய்வு நிலையத்தில் சேர்ந்தார். உலகப் போரின்போது கொலோசஸ் கணினியை உருவாக்கிய டாமி ஃபிளவர்ஸ் பணியாற்றிய இடம் அது. பகலில் வேலை, மாலையில் வகுப்பு என்று ஆறு ஆண்டுகள் படித்துக் கணிதத்தில் பட்டம் பெற்றார்.

அக்காலத்தில் அரசுப் பணியில் ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் வெவ்வேறு சம்பள விகிதம் இருந்தது. சம ஊதியம் 1955 முதல் 1961 வரை படிப்படியாகவே நடைமுறைக்கு வந்தது. 1959இல் திருமணமான பின் ஷெர்லி ஒரு தனியார் கணினி வடிவமைப்பு நிறுவனத்துக்கு மாறினார். அங்கும் தொழில்நுட்ப எல்லையைத் தாண்டி விலை, விற்பனை பற்றி அவர் கருத்துச் சொன்னபோது, அது அவருடைய வேலை இல்லை என்று வாயை அடைத்தார்கள். தனக்கு மேலே ஏணி இல்லை என்பது அவருக்குத் தெளிவாயிற்று.

தொடக்கம்

முதலீடு 6 பவுண்டு. அலுவலகம், ஷெர்லியின் வீட்டு உணவு மேசை. மென்பொருளைத் தனியாக விலைக்கு விற்கப் போகிறேன் என்று அவர் சொன்னபோது பலர் சிரித்தனர். இலவசமாகக் கிடைப்பதை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? அதிலும் ஒரு பெண்ணிடமிருந்து? நிறுவனத்துக்கு வங்கிக் கணக்கு தொடங்கக்கூடக் கணவரின் ஒப்புதல் தேவைப்பட்டதாக ஷெர்லி பின்னாளில் கூறியுள்ளார்.

வாய்ப்புக் கேட்டு அவர் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. ஸ்டெபனி என்பதற்குப் பதிலாக, வீட்டில் அழைக்கும் சுருக்கப் பெயரான 'ஸ்டீவ்' என்று கையெழுத்திடும்படி கணவர் டெரிக் யோசனை சொன்னார். ஸ்டீவ் ஆண் பெயர். கடிதங்களுக்குப் பதில் வரத் தொடங்கியது. நேரில் போய் நின்ற பிறகுதான் எதிரில் இருப்பவருக்கு 'ஸ்டீவ்' ஒரு பெண் என்று தெரியும். அந்தப் பெயர் அவருக்கு வாழ்நாள் முழுவதும் நிலைத்துவிட்டது.

1963இல் மகன் ஜைல்ஸ் பிறந்தான். வாடிக்கையாளருடன் தொலைபேசியில் பேசும்போது குழந்தையின் அழுகை கேட்காமல் இருக்க, தட்டச்சு இயந்திரம் இயங்கும் ஓசையைப் பதிவு செய்த ஒலிநாடாவைப் பின்னணியில் ஓடவிடுவார். கேட்பவருக்குப் பரபரப்பான அலுவலகம் என்று தோன்றும். பிற்காலத்தில் ஜைல்ஸுக்குக் கடுமையான ஆட்டிசம் இருப்பது தெரியவந்தது. குழந்தை வளர்ப்போடு சேர்த்து வேலை பார்ப்பது ஷெர்லிக்குக் கொள்கையளவில் பேசும் விஷயமாக இருக்கவில்லை. அவருடைய அன்றாடமே அதுதான்.

1964இல் டைம்ஸ் நாளிதழில் வெளியிட்ட விளம்பரத்தில், பணியிலிருந்து விலகிய பெண் நிரலாளர்கள் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று அழைப்பு விடுத்தார். பெண்ணுரிமைக்கு எதிரானவர்களுக்கு இந்த வேலை சரிப்படாது என்ற குறிப்பும் அதில் இருந்தது. இன்றைய சட்டப்படி அப்படியொரு விளம்பரத்தைப் போட முடியாது.

வேலை நடந்த விதம்

இணையம் இல்லாத காலத்தில் வீட்டிலிருந்து எப்படி நிரல் எழுத முடிந்தது என்று இன்றைய மாணவருக்குத் தோன்றலாம். அன்று நிரல் எழுதக் கணினி தேவைப்படவில்லை என்பதே விடை. பென்சிலும் தாளும் போதும். முதலில் பாய்வு விளக்கப்படம் வரைவார்கள்; பின் அதை வரிவரியாக இயந்திர மொழியில் எழுதுவார்கள். எழுதிய தாள்கள் அஞ்சலில் தரவு மையத்துக்குப் போகும். அங்கே அவற்றைத் துளை அட்டையிலோ காகித நாடாவிலோ பதிவார்கள். பிழை இருக்கிறதா என்று பார்க்க இன்னொரு முறையும் துளையிடுவார்கள். கணினியின் அருகில் நிரல் வருவது இத்தனைக்கும் பிறகுதான். குழந்தை உறங்கிய பின் சமையலறை மேசையில் செய்யக்கூடிய வேலை அது. அலுவலகம் வந்தே ஆக வேண்டும் என்பது பெரும்பாலும் பழக்கத்தால் வந்த விதியே.

விண்ணப்பிப்பவரிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் ஒன்று, உங்களுக்குத் தொலைபேசி வசதி உண்டா என்பது. 1960களின் பிரிட்டனில் எல்லா வீட்டிலும் தொலைபேசி இல்லை.

வாடிக்கையாளரை நம்பவைப்பது இதைவிடக் கடினம். பகுதிநேரமாக, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருப்பவர்களிடம் எந்த மேலாளர் வேலையை ஒப்படைப்பார்? இங்கேதான் ஷெர்லியின் வணிக நுட்பம் தெரிகிறது. மணிக்கணக்கில் கட்டணம் வாங்காமல், முழு வேலைக்கும் முன்கூட்டியே ஒரே விலை பேசினார். இத்துறையில் அவ்வாறு செய்த முதல் சிலரில் அவரும் ஒருவர். விலை நிலையாகிவிட்டால், அந்த வேலையை யார், எங்கே உட்கார்ந்து, நாளுக்கு எத்தனை மணி நேரம் செய்கிறார் என்று வாடிக்கையாளர் கேட்கத் தேவையில்லை. அதேசமயம், மதிப்பீடு தவறினால் நஷ்டம் நிறுவனத்தின் தலையில் விழும். ஆகவே வேலையைச் சிறு பகுதிகளாகப் பிரித்தல், கால அளவைத் துல்லியமாகக் கணித்தல், ஒருவர் எழுதியதை மற்றவர் சரிபார்த்தல் ஆகியவற்றில் நிறுவனம் கண்டிப்பாக இருக்க வேண்டியிருந்தது. மென்பொருள் பணிகளை நிர்வகிப்பதற்கு அது உருவாக்கிய நெறிமுறைகளைப் பின்னர் நேட்டோ அமைப்பும் ஏற்றுக்கொண்டதாக ஷெர்லி குறிப்பிட்டுள்ளார்.

நிறுவனம் செய்த பணிகளில் அதிகம் பேசப்படுவது, ஒலியைவிட வேகமாகப் பறந்த கான்கார்ட் விமானத்தின் கருப்புப் பெட்டிக்கான நிரலாக்கம். தங்கள் வீடுகளில் இருந்தபடி பெண்கள் குழுவாகச் செய்த வேலை அது. அக்குழுவை வழிநடத்தியவர் ஆன் மாஃபட். கைக்குழந்தையை அருகில் வைத்துக்கொண்டு மேசையில் அவர் வேலை செய்யும் படம் கணினி வரலாறு பற்றிய கட்டுரைகளில் அடிக்கடி இடம்பெறுகிறது.

பதவியும் பங்கும்

வீட்டிலிருந்து வேலை என்பது பெண்களுக்குச் சில்லறை வேலை கொடுக்கும் ஏற்பாடாக முடிந்துவிடுவது எளிது. பீடி சுற்றுவதும் தீப்பெட்டி ஒட்டுவதும் வீட்டிலிருந்து செய்யும் வேலைகள்தான். அவற்றில் பதவி உயர்வு கிடையாது. ஃப்ரீலான்ஸ் புரோகிராமர்ஸ் இங்கு வேறுபட்டது. குழுவை நடத்துவது, திட்டத்துக்குப் பொறுப்பேற்பது போன்ற மேல்நிலைப் பணிகளும் வீட்டிலிருந்து வேலை செய்யும் பெண்களிடமே தரப்பட்டன. நிரலாளராகச் சேர்ந்த மாஃபட் தொழில்நுட்ப இயக்குநர் பொறுப்பு வரை உயர்ந்தார். ஒரே பணியிடத்தை இருவர் பகிர்ந்துகொள்ளுதல், இலாபப் பகிர்வு போன்ற முறைகளையும் நிறுவனம் முன்னரே சோதித்துப் பார்த்தது. 1987இல் தலைமை நிர்வாகியாகப் பொறுப்பேற்ற ஹிலாரி கிராப்பரும் பெண்ணே.

ஷெர்லி தன் பங்குகளில் ஒரு பகுதியைப் பல ஆண்டுகளாகப் பணியாளர்களுக்கு மாற்றிக்கொடுத்தார். நிறுவனத்தின் கால் பங்கு இவ்வாறு அவர்கள் கைக்கு வந்தது. 1996இல் நிறுவனம் லண்டன் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. அதன் பயனாகப் பணியாளர்களில் 70 பேர் பத்து இலட்சம் பவுண்டுக்கு மேல் சொத்துடையவர்கள் ஆனார்கள்.

1975ஆம் ஆண்டுச் சட்டம்

பணியமர்த்தலில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் பிரிட்டனில் 1975இல் நிறைவேறியது. பெண்களைக் காப்பதற்காக வந்த அச்சட்டம், பெண்களுக்கு முன்னுரிமை தந்த இந்நிறுவனத்தின் கொள்கையையும் சட்டவிரோதமாக்கியது. குடும்பப் பொறுப்புள்ள பெண்களுக்கு வேலை என்ற நிலையிலிருந்து, ஆண் பெண் வேறுபாடின்றி வேலை என்ற நிலைக்கு நிறுவனம் மாறியது, ஆண்களும் சேர்ந்தனர். இதை ஒரு முரண் என்று சிரித்துக் கடந்துவிடலாம். ஆனால் வீட்டில் முதியவரையோ நோயாளியையோ பார்த்துக்கொள்ளும் ஆணுக்கும் அதே நெகிழ்வான நேரம் தேவைப்படுகிறது என்பதைப் பார்த்தால், சட்டம் செய்தது தவறென்று சொல்ல முடியாது.

எட்டாதவர்கள்

இந்நிறுவனத்தைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் பாராட்டோடு நின்றுவிடுகின்றன. பணியாளர்களில் பெரும்பாலோர், பெயரிலேயே உள்ளதுபோல, நிரந்தர ஊழியர்கள் அல்லர்; செய்த வேலைக்குக் கூலி பெற்றவர்கள். வேலை வராத மாதத்தில் வருமானம் இல்லை. கணவரின் சம்பளத்தில் வீடு நடக்கும் பெண்ணால் இதைத் தாங்க முடியும். தனியாகக் குழந்தை வளர்ப்பவருக்கு இது கடினம். அனுபவமுள்ள நிரலாளர்களையே நிறுவனம் தேடியதால், துறைக்குள் ஒருமுறையாவது நுழைந்து பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டுமே இந்தக் கதவு திறந்தது. வீட்டு வேலையும் குழந்தையும் பெண்ணின் பொறுப்பு என்பதையும் இந்த ஏற்பாடு கேள்வி கேட்கவில்லை. அதற்கு ஏற்ப அலுவலக வேலையை வளைத்துக்கொடுத்தது, அவ்வளவே.

பிற்காலமும் இந்தியத் தொடர்பும்

ஷெர்லி 1993இல் ஓய்வு பெற்றார். அதற்கு முன், 1989இல், பிரிட்டிஷ் கணினிக் கழகத்தின் முதல் பெண் தலைவரானார். மகன் 1998இல் இறந்தான். தன் செல்வத்தின் பெரும்பகுதியை ஆட்டிசம் தொடர்பான பணிகளுக்கும் ஆக்ஸ்போர்டு இணைய ஆய்வு நிறுவனத்துக்கும் வழங்கிய ஷெர்லி, 2025 ஆகஸ்டில் தம் 91ஆம் வயதில் காலமானார்.

நிறுவனம் 2001இல் சான்சா என்று பெயர் மாறியது. 2007இல் பிரான்சின் ஸ்டீரியா நிறுவனம் அதை வாங்கியது. அந்நேரத்தில் அதன் பணியாளர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் நொய்டா, புனே, சென்னை ஆகிய இந்திய நகரங்களில் இருந்தனர். சமையலறை மேசையில் பிறந்த நிறுவனம், அடையாள அட்டை காட்டி நுழையும் அலுவலக வளாகங்களில் வந்து முடிந்தது.

ஷெர்லி தன் முயற்சியாகச் செய்த சிலவற்றை இந்தியா பின்னர் சட்டத்தில் எழுதிக்கொண்டது. 2017இல் மகப்பேறு நலச் சட்டம் திருத்தப்பட்டபோது, முதல் இரண்டு குழந்தைகளுக்கு ஊதியத்துடன் கூடிய விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் கட்டாயமானது. விடுப்பு முடிந்த பின், வேலையின் தன்மை இடம் கொடுத்தால், வீட்டிலிருந்து பணிபுரிய அனுமதிக்கலாம் என்ற பிரிவும் சேர்ந்தது. ஆனால் காப்பகம் உரிமையாக இருக்க, வீட்டிலிருந்து வேலை என்பது இரு தரப்பும் பேசி முடிவுசெய்யும் ஒன்றாகவே விடப்பட்டது. 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இதே நிலைதான். மகப்பேறு விடுப்பில் இருக்கும் பெண்ணை வேலையிலிருந்து நீக்குவது குற்றம். அவர் திரும்பி வந்தபின் எந்தத் திட்டத்தில், எந்தப் பொறுப்பில் அமர்த்தப்படுவார், விடுப்பில் இருந்த மாதங்கள் பதவி உயர்வில் எப்படிக் கணக்கிடப்படும் என்பவை பெருமளவு அந்தந்த நிறுவனத்தின் விதிகளையும் மேலாளரையும் பொறுத்தே அமைகின்றன.