ஆப் மூன்று இருக்கிறது, பிக்மி நம்பர் எங்கே?

சென்ட்ரலுக்குப் போகிற வண்டி பேசின் பிரிட்ஜில் சிக்னலுக்காக நின்றுவிட்டால் எப்போது கிளம்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்பாவாகப் போகிற ஓர் இளைஞருக்கு அந்த நேரம் போதும். பிள்ளை இந்த வாரம் எலுமிச்சை அளவா, ஆரஞ்சு அளவா என்று ஓர் ஆப்பில் பார்ப்பார். ராயபுரத்திலும் மணலியிலும் காற்று எப்படி இருக்கிறது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ செயலியில் பார்ப்பார். ராத்திரி மனைவி இடுப்பு வலி என்றாளே, அதற்கு யூடியூபில் நாலு வீடியோ. “உங்க வீட்டம்மாவோட பிக்மி நம்பர் என்ன சார்?” என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். “அது கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போறவங்களுக்குத்தானே?” என்பார்.

இல்லை. பிரசவம் அரசு மருத்துவமனையில் நடந்தாலும் தனியாரிடம் நடந்தாலும் தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் அந்த 12 இலக்கக் கர்ப்பப் பதிவு எண் வேண்டும். பிறப்புச் சான்றிதழுக்கு அது கட்டாயம் என்று 2017 அக்டோபரிலேயே அரசு சொல்லிவிட்டது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும், பிள்ளை பிறந்து டிஸ்சார்ஜ் எழுதும் நேரத்தில் “பிக்மின்னா என்ன?” என்று கேட்டு நிற்கிற படித்த கணவர்கள் குறைந்தபாடில்லை.

வடசென்னையில் கர்ப்பிணியின் வீட்டார் பயப்படுவதைக் குறை சொல்ல முடியாது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூரில் கோரமண்டல் உர ஆலைக்கு வரும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, பெரியகுப்பத்துக்காரர்கள் மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். அன்றைக்கு எந்த ஆப்பும் முன்கூட்டி மணி அடிக்கவில்லை. பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அந்தப் பயத்தை எடுத்துக்கொண்டு எங்கே போகிறோம் என்பதில்தான் தப்பு நடக்கிறது.

முதலில் பிக்மி எண்ணை வாங்கும் வழி. பிக்மி இணையதளத்தில் நாமே பதியலாம்; 102-க்கு போன் செய்தும் பதியலாம். அப்படிப் பதிந்ததும் கிடைப்பது முன்பதிவு எண் மட்டுமே. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிடுகிறார்கள், குறிப்பாகக் கணினி தெரிந்தவர்கள். முடியவில்லை. அந்த ஏரியாவுக்கான நகர்ப்புற சுகாதார செவிலியர் விவரங்களைச் சரிபார்த்து ஏற்றிய பிறகுதான் 12 இலக்க பிக்மி எண் வரும்; ஆர்.சி.எச். எண் என்பதும் இதுதான். அதற்கு ஒருமுறையாவது நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தின் படியேற வேண்டும். மறுபடி சொல்கிறோம்: முன்பதிவு எண் வேறு, 12 இலக்க எண் வேறு.

கையில் கொண்டுபோக வேண்டியவை: கர்ப்பிணியின் ஆதார், ரேஷன் கார்டு, அவர் பெயரில் உள்ள வங்கி பாஸ்புக், கர்ப்பம் உறுதியான பரிசோதனைச் சீட்டு அல்லது ஸ்கேன். எல்லாவற்றுக்கும் ஒரு ஜெராக்ஸ். கடைசி மாதவிடாய்த் தேதி நினைவில் இருக்க வேண்டும். 12 வாரத்துக்குள் போய்விட வேண்டும். பதிந்ததும் தாய் சேய் நல அட்டை ஒன்று தருவார்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு எந்த ஊராக இருந்தாலும் அதே எண்தான், அதே அட்டைதான். இன்னொரு தடவை பதியக் கூடாது.

ஆதாரில் மாதவரம் விலாசம், குடியிருப்பது மூலக்கொத்தளம் என்றால், “அங்க போய்ப் பதியுங்க” என்று திருப்பி அனுப்புகிறவர்களும் உண்டு. குடியிருக்கிற இடத்திலேயே பதியலாம் என்பதை அவர்களே மறந்துவிடுகிறார்கள் போலும். சண்டை போடத் தேவையில்லை. மாநகராட்சியின் 1913-க்கோ முதல்வரின் முகவரி 1100-க்கோ போன் செய்து புகார் எண் வாங்குங்கள். அதற்கும் அசையாவிட்டால் மண்டல நல அலுவலரைப் பாருங்கள். ராயபுரம் 5-வது மண்டல அலுவலகம் பேசின் பிரிட்ஜ் சாலையிலேயே இருக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் பலர் வேலைக்குப் போகிறார்கள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், புளியந்தோப்புப் பகுதியில் இருப்பவர்கள் திரு.வி.க. நகர் மண்டலத்துக்குப் போக வேண்டும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து இங்கே வேலை செய்கிறவர்களின் மனைவிமார்களும் பதியலாம். பக்கத்து வீட்டில் அப்படி ஒரு பெண் மாசமாக இருந்தால், கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வாருங்கள்.

படிவத்தில் எந்த போன் நம்பரை எழுதுவது என்பது சின்ன விஷயமாகத் தெரியும். இங்கேதான் டெக்னாலஜி தெரிந்த கணவர்கள் சொதப்புகிறார்கள். எல்லா இடத்திலும் தன் நம்பரையே கொடுப்பது அவர்கள் பழக்கம். நர்ஸம்மா ரத்தப் பரிசோதனைக்குக் கூப்பிடும்போது அவர் யார்டில் நைட் டியூட்டியில் இருப்பார், அல்லது துறைமுகத்தில் சத்தத்துக்கு நடுவே. ஆறு மாதம் கழித்து சிம்மை மாற்றிவிட்டால் ஓடிபி யாருக்கோ போகும். கர்ப்பிணியின் நம்பரை முதலில் எழுதுங்கள், கணவரின் நம்பர் இரண்டாவதாக இருக்கட்டும். வங்கிக் கணக்கும் அப்படித்தான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் தகுதியுள்ள பெண்களுக்கு 18,000 ரூபாய் கிடைக்கிறது. 14,000 பணமாகவும், 4,000 மதிப்புக்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகவும் வரும். 19 வயது நிறைந்திருக்க வேண்டும். முதல் இரண்டு பிரசவத்துக்குத்தான். பணம் தவணை தவணையாகக் கர்ப்பிணியின் கணக்குக்குத்தான் போகும், அந்தக் கணக்கில் ஆதார் சேர்ந்திருக்க வேண்டும். கணவரின் பாஸ்புக்கைக் கொடுத்துவிட்டுப் பணம் வரவில்லை என்று அலைகிற வீடுகள் அநேகம்.

பணம் வரவேண்டியிருக்கிறது என்று தெரிந்ததும் இன்னொருவரும் போன் செய்வார். “அங்கன்வாடியிலேர்ந்து பேசுறோம்மா, உங்க தவணை நிக்குது, வாட்ஸ்அப்ல ஒரு கியூஆர் கோடு அனுப்பியிருக்கோம், ஸ்கேன் பண்ணி பின் போடுங்க.” பெயர், பிரசவத் தேதி எல்லாம் சரியாகச் சொல்வார். எப்படித் தெரிந்தது என்று ஆச்சரியப்படத் தேவையில்லை. முதல் ஸ்கேன் எடுத்த அன்றைக்கே அந்த ரிப்போர்ட்டை ஸ்டேட்டஸில் போட்டது யார்? கர்ப்பிணியின் பெயர், வயது, ஸ்கேன் சென்டர், பிரசவத் தேதி எல்லாம் அந்த ஒரே தாளில் இருக்கிறது. பணம் வாங்குவதற்கு கியூஆர் கோடும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். பின் போட்டால் பணம் போகும், வராது. மகப்பேறு உதவிக்கு எந்த அலுவலகமும் பின் நம்பரோ ஓடிபியோ கேட்காது. சந்தேகம் வந்தால் போனை வைத்துவிட்டு, அட்டையில் எழுதியிருக்கும் செவிலியரின் நம்பருக்கு நீங்கள் கூப்பிடுங்கள்.

பணம் போய்விட்டதா? அழுதுகொண்டு அண்ணனுக்கும் மாமாவுக்கும் போன் செய்வதற்கு முன்னால் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930. அதற்கு மனைவியின் எந்த வங்கிக் கணக்கு, எவ்வளவு, எத்தனை மணிக்கு, குறுஞ்செய்தியில் வந்த பரிவர்த்தனை எண் என்ன என்ற நாலையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் சொன்னால் அந்தப் பணம் கைமாறுவதற்குள் நிறுத்த வழி உண்டு. பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதிந்து புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வங்கிக்கு அன்றைக்கே எழுத்தில் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, பின் நம்பரை நாமே கொடுத்துவிட்டால் வங்கிக்குத் தகவல் சொல்லும் வரை ஏற்படும் நட்டம் நம்முடையது. சொன்ன பிறகு நடப்பது வங்கியின் பொறுப்பு. “நாளைக்குப் போலாம்” என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு மணி நேரமும் நம் தலையில்தான் விடியும்.

ஸ்கேன் படத்தை ஊருக்குக் காட்டுகிற மோகம் இன்னொரு வில்லங்கத்திலும் கொண்டுவிடும். 2024 மே மாதம் யூடியூபர் இர்ஃபான், துபாயில் பரிசோதனை செய்து தெரிந்துகொண்ட சிசுவின் பாலினத்தை விருந்து வைத்து அறிவித்து வீடியோ போட்டார். மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இயக்ககம் நோட்டீஸ் அனுப்பியது. வீடியோவை நீக்கி மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டு அக்டோபரில், பிரசவ அறுவை அரங்கில் தானே தொப்புள்கொடி வெட்டுவதை வீடியோவாக்கி மறுபடி சிக்கினார். லட்சக்கணக்கானவர்கள் பார்த்து ரசித்ததால் இது சட்டப்படி சரி ஆகிவிடாது. 1994-ம் ஆண்டுச் சட்டம், சிசுவின் பாலினத்தைத் தெரிந்துகொள்ள முயல்பவருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. அதைவிட முக்கியம், கணவரோ உறவினரோ வற்புறுத்தித்தான் கர்ப்பிணி அந்தப் பரிசோதனைக்குப் போனார் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆக, குற்றவாளிக் கூண்டில் நிற்பது ஆசைப்பட்ட அப்பா. இணையத்தில் இதற்கு விளம்பரம் செய்வதும் குற்றமே. சாபு மேத்யூ ஜார்ஜ் தொடுத்த வழக்கில் 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் தேடல்களிலும் இந்த விளம்பரங்களைத் தடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. அப்படி ஒரு விளம்பரம் கண்ணில் பட்டால் தோழிகளுக்கு அனுப்பாதீர்கள்; சுகாதார உதவி எண் 104-க்குச் சொல்லுங்கள்.

ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாய்க்கு விற்கிற, இதயத் துடிப்பு கேட்கும் டாப்ளர் கருவி கவலைக்காரர்களின் புது விளையாட்டுச் சாமான். பிள்ளையின் அசைவு குறைந்துவிட்டது என்று மனைவி சொன்னால், கருவியை வைத்துப் பார்த்து “கேக்குதே, ஒண்ணுமில்ல” என்று படுத்துவிடுகிறார்கள். கேட்டது தாயின் நாடியாகவும் இருக்கலாம். வீட்டில் இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2014-லேயே எச்சரித்துவிட்டது. அசைவு குறைந்தால், ரத்தம் கண்டால், பனிக்குடம் உடைந்தால், தலைவலியோடு கண் மங்கினால், முகமும் கையும் திடீரென வீங்கினால், ரத்த அழுத்தம் 140/90-ஐ எட்டினால் எந்த வீடியோவையும் தேடாதீர்கள். 108. ராயபுரத்தில் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை ராத்திரியும் இயங்குகிறது. எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையும் அப்படியே.

வீடியோவை நம்பாதீர்கள் என்று சொல்லக் காரணம் உண்டு. 2018 ஜூலையில் திருப்பூரில் வீடியோ பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்தபோது ஒரு பள்ளி ஆசிரியை ரத்தப்போக்கில் இறந்துபோனார். அடுத்த மாதமே கோவையில் வீட்டுப் பிரசவத்துக்கு ஒருநாள் பயிற்சி என்று விளம்பரம் செய்தவரைப் போலீஸ் கைது செய்தது. 2021 டிசம்பரில் ராணிப்பேட்டைப் பக்கம் இதே மாதிரி யூடியூப் பிரசவத்தில் குழந்தை இறந்தது. அதோடு தீர்ந்ததா? 2024 நவம்பரில் குன்றத்தூரில் ஒரு தம்பதி வீட்டிலேயே பிரசவம் பார்த்துக்கொண்டார்கள். வழி சொன்னது ஆயிரம் பேருக்கு மேல் இருந்த ஒரு வாட்ஸ்அப் குழு. சுகாதாரத் துறை போலீசில் புகார் கொடுத்தது. தாயும் சேயும் பிழைத்தது அவர்கள் அதிர்ஷ்டம். பிரசவத்துக்குப் பின் வரும் பெரும் ரத்தப்போக்கு ஒருத்தியைக் கொல்ல இரண்டு மணி நேரம்கூட எடுக்காது. குழுவின் அட்மின் அதற்குள் பதில் டைப் செய்துகொண்டிருப்பார். அரசு மருத்துவமனையில் பிரசவம், சிசேரியன், மருந்து, ரத்தம், சாப்பாடு, வீட்டுக்குத் திரும்பும் வண்டி எல்லாம் இலவசம் என்பது 2011 முதல் இருக்கிற உரிமை. யாராவது காசு கேட்டால் 104-க்குச் சொல்லலாம்.

கர்ப்பக் கணக்கு ஆப்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. உலகமெங்கும் கோடிக்கணக்கான பெண்கள் நம்பிய ‘ஃப்ளோ’ செயலி, அவர்கள் உடல்நிலைத் தகவலை ஃபேஸ்புக் உள்ளிட்ட நிறுவனங்களுக்குக் கொடுத்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையம் வழக்கெடுத்து 2021-ல் சமரசத்துக்குக் கொண்டுவந்தது. ஆப் வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள். ஆதார் எண்ணையும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் அதில் ஏற்றாதீர்கள். தொடர்புப் பட்டியல், இருப்பிடம் இரண்டுக்கும் கேட்கிற அனுமதியை மறுத்துவிடுங்கள்.

பிள்ளை பிறந்த பிறகு ஒரே ஒரு வேலை மிச்சம். 21 நாளுக்குள் பிறப்புப் பதிவு நடந்துவிட்டதா என்று ஆஸ்பத்திரியில் கேளுங்கள். அதற்குள் செய்தால் கட்டணமில்லை. அப்பா, அம்மா பெயர் ஆதாரில் உள்ள எழுத்துப்படியே இருக்கிறதா என்று டிஸ்சார்ஜுக்கு முன்பே படித்துப் பாருங்கள். குழந்தையின் பெயரை ஓராண்டுக்குள் இலவசமாகச் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம்.

கடைசி மாதவிடாய்த் தேதியிலிருந்து இன்றைக்கு எத்தனை வாரம் என்று எண்ணிப் பாருங்கள். 12 தாண்டவில்லையென்றால் நாளைக் காலையிலேயே ஆதாரும் பாஸ்புக்கும் ஜெராக்ஸுமாக இரண்டு பேரும் சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தாண்டிவிட்டது என்றாலும் நாளைக் காலையிலேயே போங்கள்.