அறிகொன்ற போகம்

பண்டித வகுப்பு மாணவர்க்குத் திருக்குறளின் அமைச்சு என்னும் அதிகாரத்தைப் பாடஞ் சொல்லும்போது, 'அறிகொன்று' என்னும் தொடரிலே நான் சற்றுத் தங்குவது வழக்கம். அரசன் தானாகவும் அறியாதவன்; அறிந்து சொல்வாருடைய அறிவையும் அழிப்பவன்; அத்தகையோனிடத்தும் நன்மை பயப்பதை எடுத்துரைத்தல் அருகிருப்பவனுக்குக் கடமை என்பது அக்குறளின் கருத்து. 'கொன்று' என்பதற்கு 'அழித்து' என்று பொருள் எழுதுவித்து, வினையெச்சம் என்று இலக்கணமுங் காட்டி, அடுத்த குறளுக்குப் போய்விடுவேன். ஒருவருடைய அறிவை மற்றொருவர் எங்ஙனங் கொல்லுதல் கூடும் என்று எந்த மாணவனும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. 2021ஆம் ஆண்டு அதற்கு விடை சொல்லிற்று.

அவ்வாண்டு மே மாதம் 6ஆந் திகதி வெளிவந்த வர்த்தமானி அறிவித்தல், இரசாயனப் பசளை இந்நாட்டுக்குள் இறக்குமதியாவதைத் தடுத்தது. ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ 2019இல் தேர்தலுக்கு முன் மக்கள்முன் வைத்த கொள்கை விளக்கத்திலே, சேதனப் பசளைக்கு மாறுதல் பத்தாண்டுகளில் நிகழும் என்றே இருந்தது. பத்தாண்டுகள் ஒரு நாளாகச் சுருங்கின. நோக்கந் தீயது என்று நான் சொல்லமாட்டேன். வடமத்திய மாகாணத்து உழவர் பலரைச் சிறுநீரக நோய் வருத்துவது உண்மை. அதற்கு இரசாயனமே காரணம் என்று நம்புவோரும் உளர். திறைசேரியில் அந்நியச் செலாவணி வற்றிக்கொண்டிருந்தது என்பதும் மறைபொருளன்று.

கண்டியிலிருந்து நான்கு மைல் சென்றாற் பேராதனை. அங்கே பல்கலைக்கழகத்து விவசாய பீடம் இருக்கிறது. பூந்தோட்டத்துக்கு எதிரே, மகாவலியின் மறுகரையிற் கன்னொறுவையில், விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி வயல்கள் இருக்கின்றன. மண்ணின் குணமும் பயிரின் குணமும் கற்றோர் இந்நாட்டில் இவ்விடத்திற் செறிந்திருப்பதுபோல் வேறெங்குஞ் செறிந்திலர். அவர்கள் சொன்ன கணக்கு, எண்சுவடி படித்த எவர்க்கும் விளங்கக்கூடியது. யூரியாவிலே நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் உண்டு. கூட்டெருவிலோ ஒரு பங்கு அல்லது இரு பங்குதான் உண்டு. 50 கிலோ யூரியா மூடை ஒன்று தருகின்ற நைதரசனைப் பெறுவதற்கு, ஒரு தொன்னுக்கு மேற்பட்ட எரு வேண்டும். அத்தனை எருவுக்கு மாடு எங்கே? தழை எங்கே? வயல்வரை அதைக் கொண்டுசெல்லும் வண்டி எங்கே? மேலும், இன்று நம் வயல்களில் விளைகின்ற நெல்லினங்கள் நம் பாட்டனார் விதைத்தவை அல்ல. பசளையிட்டால் மிகுதியாக விளையும்படி ஆய்வாளர் பல்லாண்டு முயன்று உருவாக்கியவை. பசளை நின்றால் நெல் 25 வீதமும், தேயிலை 35 வீதமும், தெங்கு 30 வீதமும் குறையும் என்று விவசாயப் பொருளியலாளர் சங்கம் மதிப்பிட்டு அறிவித்தது. இவர்களுள் எவரும் சேதனப் பசளை கூடாதென்று சொன்னாரல்லர். அவர்கள் கேட்டது அவகாசம் ஒன்றே.

அவ்வாறு ஓயாது சொன்னவர்களுள் ஒருவர் பேராதனை விவசாய பீடத்துப் பேராசிரியர் புத்தி மாரம்பே. களைகளைப் பற்றிய ஆராய்ச்சியில் வல்லவர். 2021 அக்டோபரில், விவசாய அமைச்சில் அவர் வகித்த பொறுப்புக்கள் அனைத்திலிருந்தும் நீக்கப்பட்டார். நீக்கிய அமைச்சர் மகிந்தானந்த அளுத்கமகே அக்காலத்தில் நம் கண்டி மாவட்டத்துப் பாராளுமன்றப் பிரதிநிதியாகவே இருந்தார். அக்டோபர் என்பது பெரும்போகத்துக்கு விதைக்குங் காலம் என்பதை வாசகர் மனங்கொள்ளல் வேண்டும். பயிருக்கு ஒரு நாட்காட்டி உண்டு; அரசாங்கத்தின் நாட்காட்டிக்காக அது காத்திராது. நவம்பர் 24ஆந் திகதி அரசாங்கம் தடையை நீக்கியபோது, முளைத்த நாற்றுக்கள் பல வயல்களில் வெளிறி நின்றன. பசளை வாங்க அனுமதி கிடைத்தது, பசளை கிடைக்கவில்லை.

டிசம்பரில் அமைச்சின் செயலாளரே வாய்திறந்தார். பேராசிரியர் உதித் ஜயசிங்க, வரும் மாதங்களில் உணவுத் தட்டுப்பாடு நேரும் என்று செய்தியாளரிடங் கூறினார். அதற்கடுத்து அவர் பதவி போயிற்று. ஊருக்கு வெளியே வெள்ளம் வருகிறதென்று பறையறைந்தவனின் பறையைப் பிடுங்கிக்கொள்வதற்கு இது ஒப்பாகும்.

இராவணன் அவையில் அறிவுரைக்குப் பஞ்சமிருந்ததில்லை என்பது கம்பராமாயணங் கற்றோர் அறிந்ததே. மாலியவான் சொன்னான்; கும்பகருணன் சொன்னான்; இறுதியில் மகன் இந்திரசித்தும் சொன்னான். ஆனால் துரத்தப்பட்டவன் வீடணன் ஒருவனே. ஒருவனைத் துரத்தியபின் ஏனையோர் சொல்லுக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்? சென்ற நூற்றாண்டிலே சீனத்து லூஷான் மலையில் 1959ஆம் ஆண்டு கூடிய கட்சிக் கூட்டத்தின்போது, பாதுகாப்பு அமைச்சர் பெங் தேஹுவாய், 'பெரும் பாய்ச்சல்' திட்டத்தின் கேடுகளைக் கடிதமாக எழுதி மாவோவிடம் அளித்தார். அமைச்சுப் பதவியை இழந்தார். படைத்தளபதிக்கே அக்கதியென்றால், விளைச்சல் குறைந்தது என்று எந்தச் சிற்றூர் அலுவலர் துணிந்து எழுதுவார்? பஞ்சம் கோடிக்கணக்கானோரைக் கொண்டுபோயிற்று. நம் நாட்டில் நேர்ந்ததை அதற்கு இணையென்று சொல்வது மிகை. நம் பேராசிரியர்கள் சிறைப்பட்டாரல்லர். எழுதவும் பேசவும் அவர்களுக்கு இடமிருந்தது. எனினும் வழி ஒன்றே. ஒருவரை நீக்கினாற் போதும்; அவருக்குக் கீழே நூறு பேர் தாமாகவே வாயை மூடிக்கொள்வர். அறிகொல்லுதல் என்பது அதுதான் போலும்.

விளைவை நீட்டி உரைப்பானேன்? அப்பெரும்போகத்து நெல் விளைவு முந்திய ஆண்டினும் மூன்றில் ஒரு பங்கிற்கு மேற் குறைந்தது. 2021இல் ஏறத்தாழ 299 மில்லியன் கிலோவாக இருந்த தேயிலை, 2022இல் ஏறத்தாழ 251 மில்லியனாயிற்று. கொழுந்து குறைந்தபோது, நிறைக்கேற்பக் கூலி பெறும் நம் மலைநாட்டுப் பெண்கள் வீட்டில் அடுப்பின் நிலையை நான் சொல்லவேண்டியதில்லை. உழவர்க்கு 4,000 கோடி ரூபா நட்டஈடு கொடுக்க நேர்ந்தது. 2022 ஏப்ரலில், பசளைத் தடை தவறே என்று ஜனாதிபதி ஒப்புக்கொண்டார். சூலையில் நாட்டை விட்டு நீங்கிப் பதவியுந் துறந்தார்.

இனி, அதிகாரத்திலுள்ளோரை இவ்வளவு பேசுவதற்கு எனக்குத் தகுதியுண்டா என்பதையுஞ் சொல்லியாகவேண்டும்.

கொரோனாவினால் எம் வகுப்புக்கள் மூடியிருந்த அக்டோபர் அது. மாரம்பே நீக்கப்பட்ட செய்தியைப் படித்துச் சில நாளே ஆகியிருந்தன. 'நஞ்சற்ற உணவு' என்னுந் தலைப்பில் மாணவர்க்குக் கட்டுரைப் போட்டி ஒன்று வந்தது. பிள்ளைகள் தாளில் எழுதிப் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்ப, நான் திருத்தி அனுப்புவேன். தெல்தோட்டைப் பக்கத்திலிருந்து பத்தாந் தர மாணவன் ஒருவன் எழுதியிருந்தான். அவன் தந்தை தோட்டத்தில் வேலை செய்துகொண்டே குத்தகை நிலத்தில் மரக்கறி பயிரிடுபவர். போஞ்சிக் கொடி மஞ்சளாகி நிற்கிறது என்றும், அப்பா இம்முறை பாதி நிலத்தைக் கொத்தாமலே விட்டுவிட்டார் என்றும், எல்லாரும் இப்படி விட்டால் மார்கழியிற் கண்டிச் சந்தையில் என்ன இருக்கும் என்றும் எழுதியிருந்தான். சந்திப்பிழை நான்கைந்து இருந்தன, வேறு குற்றமில்லை. பேராதனையார் புள்ளிவிவரத்தாற் சொன்னதை அச்சிறுவன் கொல்லையிலே கண்டு சொல்லியிருந்தான்.

நான் அவனுக்கு எழுதியது இது: 'தலைப்பை விட்டு விலகியுள்ளது. இவ்வாறு அனுப்பினால் பாடசாலைக்குச் சங்கடம் நேரும். இயற்கைப் பசளையின் சிறப்பை எடுத்து மாற்றி எழுதுக.' எவரும் என்னை அவ்வாறு எழுதச் சொல்லவில்லை. அவன் மாற்றி எழுதினான். மண்புழுவை உழவனின் தோழன் என்றான். சங்ககால உழவரைப் புகழ்ந்தான். மூன்றாம் பரிசுங் கிடைத்தது. மார்கழியில் நானும் என் மனைவியும் சந்தையிற் போஞ்சியைக் கால்கிலோவாகக் கேட்டு வாங்கினோம்.

அடுத்த ஆண்டு ஒரு துக்க வீட்டுக்காகத் தெல்தோட்டைக்குப் போனபோது, அவன் தந்தை என்னைக் கண்டு வற்புறுத்தித் தம் லயத்து வீட்டுக்கு அழைத்துச் சென்றார். முன்னறைச் சுவரிலே, சாமி படங்களுக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டத்துள் அந்தச் சான்றிதழ் தொங்கிற்று. பாதி நிலம் அப்போதுந் தரிசாகக் கிடந்தது. "என்ன எழுதுனான்னு எனக்குத் தெரியாதுங்க ஐயா, படிச்சதில்ல. நீங்க திருத்திக் குடுத்ததாலதான் பரிசு கெடச்சிச்சுன்னு தம்பி சொன்னான்" என்று கூறி, தேநீர்க் கோப்பையை இரு கையாலும் என்னிடம் நீட்டினார்.